எழுதிய பிறகு நடக்கும் தணிக்கை: ஒட்டுண்ணிகளில் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள்

அரூர் பக்கத்தில் முதுகலை விலங்கியல் படிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஒட்டுண்ணிகளில் மரபணு வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வுடன் பிணையும் புரதங்கள்தாம் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். லாக் ஓபரான் படித்து வந்த எனக்கு இது பிடிபடவில்லை. நம் ஊர் மாட்டுக்கும் நாய்க்கும் வருகிற சர்ரா நோய்க் கிருமிக்கும் இது பொருந்துமா? இதை வைத்து மருந்து செய்ய முடியுமா?" பார்வைக்கு மூன்று கேள்விகள். அடியில் கிடப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டாத மரபணுவை டி.என்.ஏ.விலேயே பூட்டி வைக்காமல், படியெடுத்து முடித்த பிறகு அந்தப் படியைப் பிடித்து நிறுத்துவானேன்? அந்த வேலையை ஒரு புரதம் எப்படிச் செய்கிறது? இதற்கு விடை கிடைத்தால் சர்ராவும் மருந்தும் தாமாகவே பின்னால் வரும்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் அடிப்படையில் கால்நடை மருத்துவன். பட்டமேற்படிப்பில் ஒட்டுண்ணியியல் எடுத்து, பிறகு ஒன்பது ஆண்டுகள், சர்ராக் கிருமி சேர்ந்த ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இனமான டிரிபனோசோம்களை வளர்க்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன்; இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மருத்துவமும் கொஞ்சம் கற்பித்தலுமாக இருக்கிறேன். டிரிபனோசோமைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி கைபட்டுத் தெரிந்தது. மலேரியாக் கிருமியைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிகிற சமயம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஆட்டுப்பட்டிக் காவலுக்கு வைத்திருந்த ஒரு நாட்டு நாயைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்களும் நீலம் பூத்திருந்தன, முகம் வீங்கியிருந்தது, காய்ச்சல் வருவதும் விடுவதுமாக இருந்தது. காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, மூடுகண்ணாடி போட்டு, நானூறு மடங்கில் பார்த்தேன். கிருமி கண்ணில் படுவதற்கு முன்பே, சிவப்பணுக்கள் எதுவோ இடித்தாற்போல் அங்கங்கே நகர்வது தெரியும். அந்த இடத்தில் பார்வையை நிறுத்தினால் நெளியும் ஒரு கோடு அகப்படும். அதுதான் டிரிபனோசோமா இவான்சி. அந்தக் கோட்டின் மேல் ஏறத்தாழ ஒரு கோடி மூலக்கூறுகள், எல்லாம் ஒரே வகைப் புரதம், சட்டைபோல அடர்ந்து நிற்கின்றன. வி.எஸ்.ஜி. என்று அதற்குப் பெயர். செல்லின் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு அதுவே. இந்தக் கிருமியின் ஆப்பிரிக்க உறவான டிரிபனோசோமா புரூசி, ட்செட்சி ஈயின் வயிற்றுக்குள் போனதும் இந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு புரோசைக்ளின் என்னும் வேறொரு சட்டையைப் போட்டுக்கொள்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸைத் தின்று வாழ்ந்தது, ஈக்குள் புரோலினைத் தின்னத் தொடங்குகிறது. டி.என்.ஏ. ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு மாறியது எது?

நீங்கள் லாக் ஓபரானில் படித்த ஈ.கோலை பாக்டீரியாவாக இருந்தால் லாக்டோஸ் மரபணுக்களின் வாசலிலேயே ஒரு காவல்காரப் புரதம் நின்று படியெடுப்பைத் தடுத்திருக்கும். டிரிபனோசோமில் அப்படி மரபணுவுக்கு ஒரு வாசல் ஏறத்தாழ இல்லை. பத்து, இருபது, சில இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அக்கம்பக்கத்து மரபணுக்களுக்குள் வேலைத் தொடர்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் மட்டும் தேவைப்படும் ஒன்றுக்கு அடுத்தே ஈக்குள் மட்டும் தேவைப்படும் ஒன்று இருக்கலாம். படியெடுக்கும் நொதியான ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2, வரிசையின் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்குகிறது. இப்படிக் கிடைக்கும் நீண்ட ஆர்.என்.ஏ., கரும்பைக் கணுக் கணுவாக வெட்டுவதுபோல் துண்டாகிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் 39 எழுத்துள்ள ஒரே மாதிரியான முன்தொடர் ஒட்டப்படுகிறது. இதற்கு டிரான்ஸ்-ஸ்ப்ளைசிங் என்று பெயர். பின்னால் அடினின் எழுத்துகளால் ஆன ஒரு வால் சேர்கிறது. இப்படித் தயாரான துண்டுதான் புரதமாகப் பெயர்க்கப்படும் தூது ஆர்.என்.ஏ. 2005இல் புரூசியின் மரபணுத்தொகுதி முழுதும் வெளியானபோது அதில் ஏறத்தாழ 9,000 மரபணுக்கள் எண்ணப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த முறையில்தான் படியெடுக்கப்படுகின்றன. வி.எஸ்.ஜி. ஒரு பெரிய விதிவிலக்கு. அதைப் படியெடுப்பது வேறு நொதியான பாலிமரேஸ்-1, பல வி.எஸ்.ஜி. மரபணுக்களில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே திறந்திருக்கிறது. எனவே டிரிபனோசோமில் டி.என்.ஏ. மட்டத்துக் கட்டுப்பாடே கிடையாது என்று யாராவது சொன்னால் அது மிகை.

மாங்காய் மண்டியைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கிருஷ்ணகிரிப் பக்கம் பருவத்தில் தோப்புக் குத்தகைதாரர் எந்தக் காய் எங்கே போக வேண்டும் என்று மரத்தடியில் நின்று முடிவு செய்வதில்லை. தோப்பு முழுதும் இறங்குகிறது, வண்டி மண்டிக்கு வருகிறது, தரம் பிரிப்பது அங்கேதான். இது கூழ் ஆலைக்கு, இது பழுக்க வைக்க, இது குப்பைக்கு. டிரிபனோசோமில் மரபணு அதிகாரம் பறிப்பில் இல்லை, பிரிப்பில் இருக்கிறது. பிரிக்கும் கைகள்தாம் நீங்கள் கேட்ட புரதங்கள். ஆனால் உவமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். மண்டியில் ஒரு கூடையை ஒருவர் பார்த்தால் முடிந்தது. செல்லுக்குள் ஒரே தூது ஆர்.என்.ஏ.வின் மேல் பல புரதங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன, ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்த ஆர்.என்.ஏ. எத்தனை நேரம் உயிரோடு இருக்கும், எத்தனை முறை புரதமாகப் பெயர்க்கப்படும் என்பது அந்த இழுபறியின் முடிவு.

கை எதைப் பார்த்துப் பிரிக்கிறது? தூது ஆர்.என்.ஏ.வின் பின்பகுதியில், புரதமாக மாறாத ஒரு நீளம் உண்டு. ஆய்வகத்தில் அதை மூன்று பிரைம் யூ.டி.ஆர். என்போம். பெரும்பாலான அடையாளங்கள் அங்கேதான். அவற்றைப் படிக்கும் புரதங்களுக்குச் சில வகைக் கட்டுமானங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. ஆர்.ஆர்.எம். என்பது ஏறத்தாழ 90 அமினோ அமிலங்கள் மடிந்த ஒரு தட்டு. அதன் மேல் இரண்டு முதல் நான்கு எழுத்துகள்வரை படுத்துக்கொள்ளும். புரூசியில் எழுபதுக்கு மேற்பட்ட புரதங்களில் இது இருக்கிறது. துத்தநாக அணுவை மூன்று சிஸ்டீனும் ஒரு ஹிஸ்டிடினும் பிடித்து நிற்கும் துத்தநாக விரல் இன்னொன்று. இது உள்ளவை ஏறத்தாழ ஐம்பது. பஃப் குடும்பம் மூன்றாவது: வளைந்த எட்டு மடிப்புகள், ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் எழுத்து. மூன்றில் எழுத்துக்கு எழுத்து நேராகப் படிப்பது இதுதான். மற்றவை நாலைந்து எழுத்து ஜாடையைப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கின்றன. அதனால்தான் பிழைக்கும் குழப்பத்துக்கும் அங்கே இடம் அதிகம்.

பிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பது பிடித்த புரதம் யாரை அழைத்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அடினின் வாலைக் கடித்துக் குறைக்கும் நொதிக் கூட்டத்தை அழைத்து வந்தால், வால் போனபின், முன்முனையைக் காக்கும் தலைக்கவசமும் கழற்றப்பட்டு ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். கவசத்தைக் கழற்றும் நொதி நம் செல்களில் ஒன்று, டிரிபனோசோமில் முற்றிலும் வேறொன்று. ஆல்ஃப்1 என்னும் அந்த நொதியின் குடும்பமே பாலூட்டிகளில் இல்லை. இதை நினைவில் வையுங்கள், மருந்துப் பேச்சில் திரும்ப வரும். மாறாக எம்.கே.டி.1 போன்ற நிலைப்படுத்தும் கூட்டாளிகளை அழைத்து வந்தால் ஆர்.என்.ஏ.வின் ஆயுள் நீளும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நின்று பார்ப்போம். ஆர்.பி.பி.10 என்னும் புரதம் புரூசி ரத்தத்தில் இருக்கும் வரை உண்டு; ஈயின் வயிற்றுக்குள் வாழும் வடிவத்தில் இல்லை. ஹைடல்பர்கில் கிறிஸ்டீன் கிளேட்டன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இது யூ (யுராசில்), ஏ (அடினின்), அடுத்து ஆறு யூ என்ற எட்டெழுத்து வரிசை உள்ள தூது ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்து, அவற்றை மொழிபெயர்க்க விடாமல் அழிவுக்கு அனுப்புகிறது. அப்படி அழிபவை பெரும்பாலும் ஈக்குள் மட்டும் தேவைப்படுபவை. ரத்த வடிவத்தில் சிறிது காலம் இந்தப் புரதத்தைக் குறைத்தால், அந்தச் செல்கள் அதன்பின் ஈ வடிவமாக மட்டுமே வளர்கின்றன. ஈ வடிவத்தில் இதை வலுக்கட்டாயமாக உண்டாக்கினால், அவை ரத்த வடிவமாக மட்டுமே பிழைக்கின்றன. ஒரே ஒரு புரதத்தைக் குறைத்தோ கூட்டியோ ஒரு செல்லின் பிழைப்பையே இரு திசையிலும் திருப்பிவிடலாம் என்று இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு. இந்த வகைச் சோதனை ஒன்றில் கலன்களை 37 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்கு மாற்றிவிட்டு, மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணும் கண்ணாடியில் செல்களை எண்ணியிருக்கிறேன். முதல் நாள் எண்ணிக்கை அப்படியே நிற்கும், இரண்டாம் நாள் பாதி செத்துக் கிடக்கும், மூன்றாம் நாள் எஞ்சியவை நீண்டு மெலிந்து வேறு தாளத்தில் நீந்தத் தொடங்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த மூன்றாம் நாள் காலை எனக்குச் சலித்ததில்லை.

2012இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஆர்.பி.பி.6 என்னும் புரதத்தை ஈ வடிவத்தில் மிகையாக உண்டாக்கியது. ஈயே இல்லாமல், ஆய்வகக் கலனுக்குள்ளேயே, அந்தச் செல்கள் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் மட்டும் காணப்படும் தொற்றும் வடிவம் வரை போயின. இதைப் படித்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் வேறு பேச்சே இல்லை. காய்ச்சலோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்கிறேன். வெப்பம் ஏறும்போது புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் சாப்பரோன் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.க்களை இசட்.சி.3.எச்.11 என்னும் துத்தநாக விரல் புரதம், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் யூ-ஏ-யூ வரிசைகளில் பிடித்து நிலைக்க வைக்கிறது. நம் செல்களில் இதே வேலைக்கு வெப்ப அதிர்ச்சிக் காரணி டி.என்.ஏ.வின் மேல் ஏறிப் படியெடுப்பைக் கூட்டும். தேவை ஒன்றே, ஒருவர் பறிப்பில் கை வைக்கிறார், மற்றவர் பிரிப்பில்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இனிச் சந்தேகத்துக்குரியவை. ஒரு புரதம் ஓர் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கிறது என்பதும் அதைக் கட்டுப்படுத்துகிறது என்பதும் ஒன்றல்ல. கருத்தரங்குகளில் இந்த இரண்டும் அடிக்கடி குழைத்துப் பேசப்படுகின்றன. நானே இதில் ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு புரதத்தை எதிர்ப்பொருளால் பிடித்திழுத்து, உடன் வந்த ஆர்.என்.ஏ.க்களை வரிசையறிந்தபோது இருநூறுக்கு மேல் கிடைத்தன. பட்டியலின் உச்சியில் டியூபுலினும் ஹிஸ்டோனும் ரைபோசோம் புரதங்களும் இருந்தன. ஆறு மாதம் அதைச் சுற்றி ஒரு கதை கட்டினேன். பிறகு எதிர்ப்பொருளே இல்லாமல், அதை ஏந்தும் வெறும் நுண்மணிகளை மட்டும் வைத்து இழுத்தபோதும் அதே பெயர்கள் வந்தன. செல்லில் எது மிகுதியோ அது எதனோடும் ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவுதான். ஆய்வகத் தலைவர் திட்டவில்லை, பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெறும் மணி எங்கே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கட்டுப்பாட்டுச் சோதனையை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு கூற்றை நான் நம்புவதற்கு மூன்றைக் கேட்பேன். புற ஊதாக் கதிரால் உயிருள்ள செல்லிலேயே புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் பிணைத்துக் காட்டினார்களா? புரதத்தைக் குறைத்தபோது அந்த ஆர்.என்.ஏ.வின் ஆயுளோ மொழிபெயர்ப்போ மாறியதா? ஒளிரும் புரதம் ஒன்றின் பின்னால் அந்த யூ.டி.ஆர். வரிசையை ஒட்டி, அடையாள எழுத்துகளை மட்டும் மாற்றியபோது விளைவு மறைந்ததா? மூன்றாவதே கடினம், பல ஆய்வுகள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. புரதத்தைச் செயற்கைக் கொக்கி போட்டு ஆர்.என்.ஏ.வில் மாட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது அந்தப் புரதத்தால் என்ன முடியும் என்று காட்டும். இயல்பில் அது எந்த ஆர்.என்.ஏ.வில் அதைச் செய்கிறது என்று காட்டாது. இன்னொன்று: டிரிபனோசோமில் ஒரு தூது ஆர்.என்.ஏ.வின் அடிப்படை ஆயுளைப் பெருமளவு தீர்மானிப்பது அது பயன்படுத்தும் கோடான்களின், அதாவது அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்களின், தேர்வு என்று 2018இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. கோடான்கள் இருப்பதோ மொழிபெயர்க்கப்படும் பகுதியில். எனவே எல்லா வேறுபாட்டையும் பிணைப்புப் புரதத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது. கோடான் ஒரு நிலையான தளத்தைப் போடுகிறது, புரதங்கள் அந்தத் தளத்திலிருந்து கட்டத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குகின்றன என்பது என் புரிதல்.

"ஒட்டுண்ணிகளில்" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்தாக வேண்டும். மலேரியாக் கிருமியில் ஒவ்வொரு மரபணுவுக்கும் படியெடுப்பு தொடங்கும் தனி வாசல், அதாவது புரொமோட்டர், உண்டு, ஏ.பி.2 குடும்பப் படியெடுப்புக் காரணிகள் உண்டு. பாலின வடிவமாக மாறும் முடிவை ஏ.பி.2-ஜி என்னும் காரணி தூண்டுவதாக 2014இல் தெளிவாயிற்று. ஆனால் கொசுவுக்குள் போவதற்கு முன்னும் பின்னுமான இரண்டு காத்திருப்புகளில் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்கள் முன்னால் வருகின்றன. நம் ரத்தத்தில் இருக்கும் பெண் பாலின வடிவமான கேமிட்டோசைட், கொசுவின் வயிற்றில் தேவைப்படப்போகும் பி25, பி28 ஆகிய மேற்பரப்புப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.க்களை முன்கூட்டியே எழுதி, டோசி என்னும் புரதத்தோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுகிறது. விதைநெல்லைக் குதிரில் போட்டு மூடுவதுபோல. எலி மலேரியாக் கிருமியில் டோசியை நீக்கிய 2006 ஆய்வில் சேமித்த ஆர்.என்.ஏ.க்கள் அழிந்தன, கருமுட்டை வளரவில்லை. இன்னொரு காத்திருப்பு கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில். அங்கே பஃப் குடும்பத்துப் பஃப்2 இல்லாவிட்டால், நமக்குத் தொற்றும் வடிவமான ஸ்போரோசோயிட் நம் கல்லீரலுக்கு வருவதற்கு முன்பே, கொசுவுக்குள்ளேயே கல்லீரல் வடிவமாக மாறத் தொடங்கித் தொற்றும் திறனை இழக்கிறது. பூனைவழி பரவும் டாக்சோபிளாஸ்மாவில் இரண்டு மட்டமும் கைகோக்கின்றன: உறைநிலைக்குப் போவதற்கான முதன்மைப் படியெடுப்புக் காரணி பி.எஃப்.டி.1, அதன் தூது ஆர்.என்.ஏ.வைப் பிடித்து மொழிபெயர்க்க வைப்பது பி.எஃப்.டி.2 என்னும் துத்தநாக விரல் புரதம். ஆகவே உங்கள் கருத்தரங்கில் சொன்ன வாக்கியம் டிரிபனோசோமுக்கும் அதன் உறவான லெய்ஷ்மேனியாவுக்கும் ஏறத்தாழ முழுமையாகப் பொருந்தும். மலேரியாவுக்கும் டாக்சோபிளாஸ்மாவுக்கும் பாதி.

சர்ராவுக்கு வருவோம். 1880இல் கிரிஃபித் இவான்ஸ் பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த இந்தக் கிருமி, புரூசியிலிருந்தே பிரிந்தது. ஒருமுறை அல்ல, தனித்தனியாகப் பலமுறை. 2015இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி புரூசியை மிக நெருக்கமாக ஒத்திருந்தது. எனவே வரிசையான படியெடுப்பு, 39 எழுத்து முன்தொடர், யூ.டி.ஆர். அடையாளங்கள் எல்லாம் இதற்கும் பொருந்தும். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் நாட்டில் ட்செட்சி ஈ இல்லை. மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்கள் வாயில் ஒட்டிய ரத்தத்தோடு கிருமியை அடுத்த மாட்டுக்குக் கடத்துகின்றன, ஊசி மாற்றாமல் குத்துவதுபோல. ஈக்குள் வளரும் கட்டமே இவான்சிக்குக் கிடையாது. அதற்கு வேண்டிய மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.வையே முழுவதுமாகவோ பகுதியாகவோ இழந்துவிட்டது. இப்படிப்பட்ட கிருமியில், ஈ வடிவ ஆர்.என்.ஏ.க்களை அழிக்கும் ஆர்.பி.பி.10 போன்ற ஒரு காவல்காரனுக்கு இன்னும் வேலை உண்டா? உண்டு என்றே நினைக்கிறேன். பறிப்பு நிற்காததால் ஈ வடிவத்து மரபணுக்களும் தொடர்ந்து படியெடுக்கப்படும். யாராவது அவற்றைக் கழித்துக்கொண்டே இருக்க வேண்டும். இது என் ஊகம், சோதித்துச் சொல்வதல்ல.

மருந்து. இன்று சர்ராவுக்குப் போடும் டைமினசீன், குயினாபிரமின், சுராமின் எதுவும் இந்தப் புரதங்களைத் தாக்கி வேலை செய்வதாக அறியப்பட்டவை அல்ல. ஆர்.ஆர்.எம். தட்டு விரிந்த பரப்பு. சிறு மூலக்கூறு போய் ஒளியும் குழி அதில் குறைவு. அதே தட்டு நம் செல்களிலும் நூற்றுக்கணக்கான புரதங்களில் இருக்கிறது. பிடிக்கும் புரதத்தைவிட வெட்டும் நொதியே மருந்துக்கு ஏற்ற இலக்கு என்று நான் கருதுகிறேன். அதற்குச் சான்றும் இருக்கிறது. புரூசி மனிதருக்குத் தரும் தூக்க நோய்க்காக உருவான அகோசிபோரோல், ஒரே வேளை வாயில் போடும் மருந்து. அது தாக்குவது தூது ஆர்.என்.ஏ.வின் பின்முனையை வெட்டி வாலுக்கு இடம் செய்யும் சி.பி.எஸ்.எஃப்.3 நொதியை என்று 2018இல் கண்டறிந்தார்கள். நான் முன்பு சொன்ன ஆல்ஃப்1 பாலூட்டிகளில் இல்லாததால் அதுவும் கவனிக்கத்தக்கது. ஆனால் அதற்கும் மாட்டுக்குப் போடும் ஊசிக்கும் இடையே நெடுந்தூரம்.

நீங்கள் கல்லூரியில் இருந்தபடியே செய்யக்கூடிய ஒன்று உண்டு. கருவி வேண்டாம், கணினி போதும். ட்ரைட்ரிப்.டி.பி. என்னும் இணையத் தரவுத்தளத்தில் டிரிபனோசோம்களின் மரபணு வரிசைகள் இருக்கின்றன. ஈ வடிவத்துக்கு உரிய மரபணுக்கள் சிலவற்றின் யூ.டி.ஆர்.களை எடுத்து, அந்த எட்டெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். எண்ணுவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். நான்கு எழுத்தும் சமமாக இருந்தால் எட்டெழுத்து வரிசை 65,536 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாக வரும். ஆனால் இந்தக் கிருமியின் யூ.டி.ஆர்.களில் யூ மிகுதி. யூ நூற்றுக்கு நாற்பது, ஏ இருபத்தைந்து என்று வைத்துக்கொண்டால், அதே வரிசை ஏறத்தாழ 2,440 இடத்துக்கு ஒருமுறை சும்மாவே வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு யூ.டி.ஆர். வரிசையின் எழுத்துகளையும் சீட்டுக்கட்டுபோல் ஆயிரம் முறை கலைத்துப் போட்டு, கலைத்ததில் வருவதைவிட உண்மையானதில் கூடுதலாக வருகிறதா என்று பாருங்கள். அந்தக் கலைத்த வரிசைதான் உங்களுடைய வெறும் மணி. கிடைக்கும் எண்களை இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.